டிரெய்லர் பிரேக் மக்கர் பண்ணினால்: பெட்டியை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

செங்கோட்டையில் ஆட்டோ எலக்ட்ரீசியன் வேலை பார்க்கிறேன். பிக்கப்புக்குப் பின்னால் இழுக்கிற ஜெனரேட்டர் டிரெய்லர், சமையல் டிரெய்லர், படகு டிரெய்லர் என்று பலவும் இந்த வழியாகத்தான் புளியரை, கோட்டவாசல், ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துப் புனலூர் போகும். அவற்றில் சிலவற்றில் மின்சார பிரேக் இருக்கும். சக்கர டிரம்முக்குள் ஒரு மின்காந்தம், டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஒரு கன்ட்ரோலர் பெட்டி, நடுவில் வயர். கோளாறு என்று வருகிறவர்களில் பாதிப்பேர் "பெட்டி போயிருச்சு, புதுசு மாட்டணும்" என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் எர்த், ஜாயின்ட், பிளக் இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அதே வரிசையில் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் 21 வாட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்த டெஸ்ட் லாம்ப், உப்புத்தாள், கம்பி பிரஷ், வயர் முனையில் மாட்டும் நல்ல லக், ஜாயின்ட் மேல் போட்டுச் சூடாக்கும் ஹீட் ஸ்லீவ். டெஸ்ட் லாம்பை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். பச்சை பூத்து அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிற வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பைக் கொடுத்தால் மங்கிவிடும், உண்மை தெரிந்துவிடும்.

வேலை தொடங்கும் முன் சமதளத்தில் நிறுத்தி, பிக்கப்புக்கு ஹேண்ட் பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வயரை வெட்டுவதாக இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டிரெய்லரில் வெல்டிங் இருந்தால் பிளக்கை உருவிவிட்டுத்தான் வெல்டிங். மாட்டியபடியே வெல்டிங் அடித்தால் கன்ட்ரோலருக்குள் இருக்கும் போர்டு போய்விடலாம்.

கன்ட்ரோலரில் சாதாரணமாக நான்கு வயர் வரும்: கருப்பு பேட்டரி பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ் (எர்த்), சிவப்பு பிரேக் லைட் சுவிட்ச், நீலம் டிரெய்லர் காந்தத்துக்குப் போகிறது. உங்கள் பெட்டியின் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கருப்பையும் வெள்ளையையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் அதோடு பெட்டியின் ஆயுள் முடிந்தது.

அறிகுறி 1: பெட்டியில் விளக்கே எரியவில்லை

முதலில் பியூஸ். பேட்டரிக்குப் பக்கத்தில் கருப்பு வயரில் ஒரு பியூஸோ பிரேக்கரோ இருக்க வேண்டும். இரண்டு அல்லது நான்கு சக்கர பிரேக்குக்கு 20 ஆம்பியர், ஆறு எட்டு சக்கரத்துக்கு 30 ஆம்பியர். அது சரி என்றால் பெட்டிக்குப் பின்னால் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே டெஸ்ட் லாம்பை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் சப்ளை சரி. மங்கினால் கருப்பை அப்படியே விட்டு, வெள்ளைக்குப் பதிலாக நேரே பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு வயர் கொடுத்துப் பாருங்கள். இப்போது பளிச்சென்றால் வெள்ளையில் கோளாறு, இல்லையென்றால் கருப்பில்.

கருப்பை பியூஸ் பாக்ஸில் காலியாக இருந்த இடத்திலிருந்து எடுத்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள். பேட்டரியிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் வயர் இழுப்பதுதான் முறை. இதெல்லாம் சரியாக இருந்தும் பெட்டி உயிர் பெறவில்லை என்றால்தான் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டும்.

அறிகுறி 2: பெட்டி எரிகிறது, டிரெய்லர் மாட்டியதைக் காட்டவில்லை

பிளக்கை உருவி மூன்று முறை மாட்டிக் கழற்றுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முள்ளில் பச்சை பூத்திருந்தால் இந்த உரசலிலேயே சில சமயம் தொடர்பு வந்துவிடும். வந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, முள்ளின் பிளவை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நூல் விரியுங்கள்.

வரவில்லை என்றால் டிரெய்லர் பக்கப் பிளக்கில் பிரேக் முள்ளுக்கும் எர்த் முள்ளுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 10 அங்குல, 12 அங்குல டிரம்மில் வரும் காந்தம் ஒன்று 3 ஓமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இரண்டு காந்தமும் ஒன்றாகச் சேர்ந்தால் அதில் பாதி, ஏறக்குறைய 1.6. மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் வருகிற எண்ணை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். மலிவு மீட்டரில் அதுவே 0.3 வரை வரும். 1.6க்குப் பதில் 3.2 வந்தால் ஒரு சக்கரம் வேலையில் இல்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் நீலமோ வெள்ளையோ எங்கேயோ அறுந்திருக்கிறது.

பிளக்கைப் பற்றி இன்னொன்று. 7 முள் உருண்டைப் பிளக்கின் பழைய ஐரோப்பிய வரிசை இது: 1 மஞ்சள் இடது இண்டிகேட்டர், 2 நீலம் பின்பக்க ஃபாக் லைட், 3 வெள்ளை எர்த், 4 பச்சை வலது இண்டிகேட்டர், 5 பழுப்பு வலது டெயில், 6 சிவப்பு பிரேக் லைட், 7 கருப்பு இடது டெயில். இதில் மின்சார பிரேக்குக்கு என்று தனி இடமே இல்லை. அதனால் ஃபாக் லைட் இல்லாத டிரெய்லரில் 2ஆம் முள்ளைப் பிரேக்குக்கு எடுப்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் எடுக்கிறேன். ஆனால் எந்த முள் எதற்கு என்று பிளக் மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவேன். எழுதாமல் விட்டதால் வந்த வினை அறிகுறி 5இல் இருக்கிறது.

அறிகுறி 3: பெட்டியில் உள்ள கைநெம்புகோலை இழுத்தால் பிடிக்கிறது, மிதித்தால் பிடிக்கவில்லை

இது பெரும்பாலும் சிவப்பு வயர். முதலில் வேறு எங்கும் தேட வேண்டாம். பெடலை மிதிக்கும்போது சிவப்பில் 12 வோல்ட் வர வேண்டும், காலை எடுத்தால் பூஜ்யம் ஆக வேண்டும். வரவில்லை என்றால் முதலில் பிக்கப்பின் பிரேக் லைட் எரிகிறதா பாருங்கள். அந்த பியூஸ் போயிருந்தால் இரண்டுமே வேலை செய்யாது.

மிதிக்காதபோதே 12 வோல்ட் வருகிறது என்றால் சுவிட்சின் தவறான பக்கத்தில் சிவப்பைச் சேர்த்திருக்கிறார்கள். புது வண்டிகளில் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சில் நான்கு வயர் இருக்கும், அதில் இரண்டு இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும். அதைத் தொட்டுவிட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். எது எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த வண்டியின் வயரிங் படம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். குத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கும் இடம் அது இல்லை.

அறிகுறி 4: பிரேக் பிடிக்கிறது, ஆனால் பலமில்லை

என் பட்டறைக்கு அதிகம் வருவது இதுதான். ஆபத்தும் இதில்தான் அதிகம். சமதளத்தில் ஓட்டும்போது தெரியாது. கேரளப் பக்கமிருந்து திரும்பி வரும்போது, கோட்டவாசல் தாண்டிப் புளியரை எஸ் வளைவு இறக்கத்தில், பின்னால் இருக்கிற ஒன்றரை டன் பிக்கப்பைத் தள்ளும். அப்போதுதான் தெரியும்.

முதலில் பெட்டியின் கெயின் அளவு, அதாவது டிரெய்லர் பிரேக்குக்கு எவ்வளவு பலம் கொடுப்பது என்று வைக்கிற அளவு. ஆளில்லாத சமதள ரோட்டில் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கைநெம்புகோலை முழுதாக இழுங்கள். டிரெய்லர் சக்கரம் லாக் ஆகிற அளவு வரை கெயினைக் கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் குறைத்து வையுங்கள். சுமை மாறினால் மறுபடி செய்ய வேண்டும். காலி டிரெய்லருக்கு வைத்த அளவு, தண்ணீர் டேங்க் நிரப்பிய டிரெய்லருக்குப் போதாது. கூடவே, பெட்டி சாய்ந்து தொங்குகிறதா பாருங்கள். வேகம் குறைவதை உணர்ந்து வேலை செய்யும் பெட்டியை வண்டி போகும் திசைக்கு நேராக, கையேடு சொல்லும் சாய்வுக்குள் முடுக்க வேண்டும்.

அடுத்தது ஷூ இடைவெளி, அதாவது பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, பின்தட்டின் ஓட்டை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்புங்கள். சக்கரம் சுற்ற முடியாத அளவு இறுக்கி, பிறகு லேசாக உரசுகிற சத்தத்தோடு தாராளமாகச் சுற்றுகிற வரை தளர்த்துங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. பாதி வண்டிகளில் வாங்கிய நாளிலிருந்து இதை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஷூ புதிதாக மாற்றியது என்றால் சில பத்து தடவை மிதமாகப் பிடித்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

இரண்டும் சரி என்றால் இனி வயர். ஒருவர் பெட்டியில் கெயினை முழுதாக வைத்து நெம்புகோலை முழுதாகப் பிடித்திருக்க, நீங்கள் காந்தத்தின் இரண்டு வயருக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். பாதி அளவில் பிடித்தால் மின்சாரம் விட்டு விட்டு வரும், மீட்டர் எண் குதிக்கும். முழுதாகப் பிடித்தால்தான் நிலையான எண் கிடைக்கும். பெட்டியின் நீல வயரில் வருவதற்கும் காந்தத்தில் வருவதற்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், நடுவில் எங்கேயோ மின்சாரம் சூடாகி வீணாகிறது.

போன கார்த்திகையில், சபரிமலை சீசனுக்கு அன்னதானம் சமைக்கிற ஒரு டிரெய்லர் வந்தது. டிரைவர் புனலூர்க்காரர். "புதிய பெட்டி வெச்சிட்டும் பிரேக் கிட்டுனில்ல அண்ணாச்சி" என்றார். வேறு ஒரு ஊரில் பெட்டியை மாற்றி, காசையும் வாங்கிக்கொண்டு, "இதுக்கு மேல இல்லை" என்று அனுப்பியிருந்தார்கள். ஷூ சரி, கெயின் முழுசு, பெட்டியில் 12.3 வோல்ட். காந்தத்தில் வெறும் 9.4. நீலத்தை விட்டுவிட்டு எர்த்துக்குப் போனேன். நெம்புகோலைப் பிடித்தபடி, டிரெய்லர் சேஸிக்கும் பிக்கப் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 2.6 வோல்ட். அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

டிரெய்லர் மூக்குக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வெள்ளை வயரைச் சேஸியின் பெயின்ட் மேலேயே வைத்து ஒரு போல்ட்டால் முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டைத் திருப்பியதும் லக்குக்கு அடியிலிருந்து காவி நிறத் தூள் உதிர்ந்தது. இரும்பு தெரிகிற இடம் கடுகளவு கூட இல்லை. இத்தனை நாளும் காந்தத்தின் மின்சாரம் எல்லாம் கொக்கிப் பந்தின் கிரீஸ் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பியிருக்கிறது. பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, புது லக் பற்றவைத்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாஸ்லைன் தடவினேன். வெள்ளை வயரையும் 4 ஸ்கொயர் எம்எம்மாக மாற்றி, பிக்கப் பக்கம் பேட்டரி நெகட்டிவ் வரை இழுத்தேன். மறுபடி அளந்தால் 0.2. டிரைவர் பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். அதை மாட்டிப் பார்த்தோம், அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

எர்த்தும் சரி, வோல்ட்டும் சரி, பிடிப்பு மட்டும் இல்லை என்றால் டிரம்மைக் கழற்ற வேண்டியதுதான். ஹப் சீல் கசிந்து ஷூவில் கிரீஸ் ஏறியிருந்தால் பெட்ரோல் ஊற்றிக் கழுவி மாட்டாதீர்கள். சூடானதும் உள்ளே ஊறிய கிரீஸ் மறுபடி வெளியே வரும். ஷூவும் சீலும் சேர்த்து மாற்றுங்கள். காந்தத்தின் முகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தாலும், உள்ளே செம்புக் கம்பி தெரிந்தாலும் காந்தம் மாற்ற வேண்டும். மாற்றும்போது அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் பழையது, ஒரு பக்கம் புதியது என்றால் டிரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும்.

அறிகுறி 5: காலை எடுத்தும் பிரேக் விடவில்லை, சக்கரம் சூடாகிறது

வண்டியை நிறுத்திப் பிளக்கை உருவுங்கள்.

உருவியதும் விட்டுவிட்டதா? அப்படியானால் மின்சாரம் பிக்கப் பக்கமிருந்து வருகிறது. நெம்புகோல் பாதியில் சிக்கியிருக்கிறதா, அறிகுறி 3இல் சொன்ன சிவப்பு வயர் எப்போதும் 12 வோல்ட் வாங்குகிறதா பாருங்கள். வேறொருவருடைய பிக்கப்பில் உங்கள் டிரெய்லரை மாட்டியிருந்தால் 2ஆம் முள்ளைச் சந்தேகப்படுங்கள். அந்த வண்டியில் அது ஃபாக் லைட்டுக்கு என்றால், மழையில் டிரைவர் ஃபாக் லைட் போட்ட நிமிடமே உங்கள் டிரெய்லர் சக்கரங்கள் லாக் ஆகும். ஆரியங்காவுக்கு மேலே மஞ்சுக்குள் இது நடந்தால் பின்னால் வருகிற வண்டியின் கதியை யோசித்துப் பாருங்கள். மார்க்கரால் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

உருவியும் விடவில்லையா? டிரெய்லர் மூக்கில் உள்ள அவசர சுவிட்சைப் பாருங்கள். டிரெய்லர் கழன்றால் கம்பி இழுத்து முள் வெளியே வந்து, டிரெய்லரின் சிறு பேட்டரியிலிருந்து பிரேக்குக்கு நேராக 12 வோல்ட் போகும். யாராவது முள்ளைப் பிடுங்கியிருப்பார்கள், அல்லது கம்பி கொக்கியில் சுற்றிக்கொண்டிருக்கும். முள்ளை உள்ளே தள்ளினால் பிரேக் விட்டுவிடும். சிலர் நிறுத்தும்போது இதையே ஹேண்ட் பிரேக்காகப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சிறு பேட்டரி வடிந்துபோய், அவசரத்துக்கு உதவாமல் போய்விடும். நிறுத்தினால் கல்லை வையுங்கள்.

முள்ளும் உள்ளேதான், பிளக்கும் உருவியாச்சு, இன்னும் உரசுகிறது என்றால் மின்சாரத்துக்கு இதில் பங்கில்லை. ஷூ அதிகம் இறுகியிருக்கலாம், ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். ஹப்பில் கை வைக்க முடியாத சூடும் கருகல் வாடையும் இருந்தால் அந்த டிரெய்லரை நகர்த்த வேண்டாம். மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.

அறிகுறி 6: பியூஸ் அடிக்கடி போகிறது, அல்லது பெட்டி ஷார்ட் என்று காட்டுகிறது

பெரிய பியூஸாகப் போட்டுத் தப்பிக்க நினைக்காதீர்கள். வயர் எரியும். பிளக்கை உருவிவிட்டு நெம்புகோலை இழுங்கள். இன்னும் ஷார்ட் காட்டினால் பிக்கப்புக்கு அடியில் நீல வயரைத் தேடுங்கள். சைலன்சர் பக்கம் உருகியோ, சேஸி முனையில் நசுங்கியோ இருக்கும். காட்டவில்லை என்றால் டிரெய்லரில் ஒவ்வொரு சக்கரத்தின் காந்தத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எதைக் கழற்றும்போது ஷார்ட் மறைகிறதோ அங்கேதான்.

ஒரு சக்கரத்திலிருந்து மறுசக்கரத்துக்கு வயர் அச்சுக் குழாய்க்குள்ளேயே போகிற டிரெய்லர்கள் உண்டு. குண்டும் குழியுமான ரோட்டில் அந்த வயர் உள்ளே குதித்துக் குதித்து உரசி, தோல் உரிந்துவிடும். வெளியே எல்லாம் அழகாக இருக்கும், கோளாறு கண்ணில் படாது. குழாய்க்குள் இருப்பதை அப்படியே விட்டு, வெளியே பிளாஸ்டிக் குழாயில் புது வயர் ஓட்டிவிடுங்கள்.

அறிகுறி 7: இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் சேர்ந்து மினுக்குகிறது, விளக்குகள் மங்கல்

எர்த். அறிகுறி 4இல் சொன்ன வேலையைச் செய்யுங்கள். அதோடு ஒவ்வொரு விளக்கின் ஹோல்டருக்கும் தனி எர்த் வயர் இருக்கிறதா பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே அளவு மங்கலாக எரிந்தால் பல்பை எடுத்துப் படியுங்கள். லாரிக்கு வயரிங் செய்த டிரெய்லர் என்றால் 24 வோல்ட் பல்பு இருக்கும். அதே காரணத்தால், 12 வோல்ட் காந்தம் உள்ள டிரெய்லரை 24 வோல்ட் லாரியில் ஒருநாளும் மாட்டாதீர்கள். இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால் ஒரு பல்பு போயிருக்கும், இல்லையென்றால் எல்இடி போட்டிருப்பார்கள். எல்இடிக்கு ஏற்ற பிளாஷர் ரிலே வாங்கி மாட்டினால் போதும்.

அறிகுறி 8: வெயிலில் சரியாக இருக்கிறது, சாரலில் மட்டும் கோளாறு

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் இறங்கும்போது எனக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி இதுதான். மூன்று இடம் பாருங்கள்: பிளக் மூடியின் ரப்பர், டிரெய்லர் மூக்கில் உள்ள ஜங்ஷன் பெட்டி, முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்கள். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சையாகவோ கருப்பாகவோ இருக்கும். கருப்பாகிவிட்ட செம்பில் ஈயம் ஒட்டாது. நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டி எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள், மேலே பசை வைத்த ஹீட் ஸ்லீவ் போடுங்கள். வயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கும் கிளிப்புகளை எங்கே கண்டாலும் எடுத்துவிடுங்கள். நம் மழைக்கு அவை இரண்டு சாரல்கூடத் தாங்காது. ஜங்ஷன் பெட்டியின் அடியில் ஒரு சிறு ஓட்டை போட்டுவிட்டால் உள்ளே இறங்கிய தண்ணீர் தேங்காது.

எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

வயர், பிளக், எர்த், பியூஸ், ஷூ இடைவெளி வரை கவனமாக இருப்பவர் யாரும் செய்யலாம். டிரம் உள்பக்கம் விரிசல், கீறல், பேரிங் ஆட்டம், பின்தட்டு வளைவு, கொக்கியின் வெல்டிங்கில் முடி போன்ற கோடு, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஏபிஎஸ் வயர், ஏர்பேக் வயர், இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும் வயர் இவை வழியில் வந்தால் அந்த வண்டியைப் பழகிய எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். எல்லா அளவும் சரியாக வந்தும் பிடிப்பு ஒரு நாள் இருக்கிறது ஒரு நாள் இல்லை என்றால், அப்போதுதான் கடனுக்கு ஒரு நல்ல கன்ட்ரோலர் வாங்கி மாட்டிப் பாருங்கள். கோளாறு போனால் மட்டும் புதிது வாங்குங்கள்.

பழுது முடிந்ததும் நேரே மலை ஏற வேண்டாம். செங்கோட்டையிலிருந்து புளியரை வரை ரோடு ஓரளவு சமம். வழியில் வண்டி இல்லாத இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில், பெடலைத் தொடாமல் நெம்புகோலை மட்டும் இழுங்கள். டிரெய்லர் பின்னால் இருந்து பிக்கப்பைப் பிடித்து இழுப்பது முதுகில் தெரிய வேண்டும். சோதனைச் சாவடிக்கு முன் ஓரமாக நிறுத்தி, இறங்கி, ஒவ்வொரு ஹப்பின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் ஏறலாம். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை. அங்கேயே திருப்பிக் கொண்டு வாருங்கள்.